செயின் லாக்கும் சிக்கனத்தின் எல்லையும்



மண்டபம், மரைக்காயர்பட்டினம், வேதாளை, உச்சிப்புளி எனக் கடலையொட்டி நீளும் நம் ஊர்களில் மின்சார சைக்கிளை நாடுவோர் பெருகி வருகின்றனர். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட சைக்கிளுக்குப் பதிவு எண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. ஆகவே, பிள்ளைகளை மதரஸாவில் விட வரும் தாய்மார்களுக்கும், ஊர் விட்டு ஊர் சென்று பாடம் நடத்தும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அது வசதியாக அமைந்துள்ளது.

எங்கள் சைக்கிள்களுக்குச் செயினைக் கழற்றித் துடைப்பது, எண்ணெய் இடுவது போன்ற பணிகளை நாங்களே செய்துகொள்கின்றோம். அவ்வாறு ஒருநாள், கழற்றிய செயின் லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதை மாட்டியபோது, அருகில் நின்ற மாணவர் ஒருவரின் தந்தை கேட்டார்: “ஹஜ்ரத், இது நல்லாத்தானே இருக்கு? தூக்கிப் போடுறது வீண்விரயம் ஆகாதா?”

கேள்வி நியாயமானது. இஸ்ராஃப் கூடாது என்று பிள்ளைகளுக்குப் போதிப்பவர்கள் நாங்கள். பிறருக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்று போதிப்பவர்களும் நாங்களே. இரண்டையும் ஒருசேரப் பேணுவதற்கு, அந்தச் சிறு எஃகுத் துண்டு செய்யும் வேலையை முதலில் அறிய வேண்டும்.

செயினின் இரு முனைகளையும் இணைப்பதே செயின் லாக். கியர் இல்லாத சைக்கிள்களில் பெரும்பாலும் பழைய வகை இருக்கும். அதில் இரு பின்களின்மேல் ஒரு தகட்டை வைத்து, சிறு கிளிப்பைச் செருகுவர். கியர் சைக்கிள்களில் ‘குயிக் லிங்க்’ எனப்படும் வகை உண்டு. அது இரு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு பின்னும், சாவித்துளை போன்ற ஒரு துளையும் இருக்கும். செயின் இழுபடும்போது பின்னின் தலைக்குக் கீழுள்ள பள்ளம் துளையின் குறுகிய பகுதியில் அமர்ந்து பூட்டிக்கொள்கிறது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளமும் துளையின் ஓரமும் சிறிது தேய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அத்தேய்மானமே பிடிப்பைத் தளர்த்துகிறது.

எல்லா லாக்குகளும் ஒரே அளவில் தேய்வதில்லை. 7, 8 கியர் சைக்கிளின் செயின் சுமார் 7 மில்லிமீட்டர் அகலமுடையது. 11, 12 கியர் செயின்களோ ஐந்தரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியவை. குறுகிய செயினில் தகடுகள் மெல்லியவை. பூட்டும் பகுதியும் சிறியது. எனவேதான் ஷிமானோ நிறுவனம் தன் 11, 12 கியர் லாக்குகளையும், ஸ்ராம் நிறுவனம் தன் ‘பவர்லாக்’ வகையையும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொல்கின்றன. தைவானின் கே.எம்.சி. இரு வகைகளையும் தயாரிக்கிறது. அதன் லாக் எண்ணின் இறுதியில் ‘ஆர்’ என்றிருந்தால் மீண்டும் பயன்படுத்தலாம், ‘என்.ஆர்.’ என்றிருந்தால் கூடாது. ஆகவே கழற்றுவதற்கு முன்பே உறையில் உள்ள குறிப்பைப் படித்துவிடுவது நலம்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் விற்கும் பெரும்பாலான மின்சார சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் உள்ளது. அவற்றில் செயின் சுமப்பது கால்களின் விசையை மட்டுமே. பெடல் அச்சருகே மோட்டார் பொருத்திய வகையில், காலின் விசையும் மோட்டாரின் விசையும் சேர்ந்து செயின் வழியாகவே செல்லும். அவ்வகைக்கு மின்சார சைக்கிளுக்கென வலுவாகச் செய்த செயினும் அதற்கேற்ற லாக்கும் வேண்டும். பழைய லாக்கை மாட்டிச் சோதித்துப் பார்க்கும் இடம் அதுவன்று.

தேர்ந்தெடுக்கும்போது செயினின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் லாக்கையே வாங்க வேண்டும். கூடுமானவரை செயினும் லாக்கும் ஒரே நிறுவனத்தினதாக இருக்கட்டும். புதிய செயினுக்குப் புதிய லாக். லாக்கில் அம்புக்குறி இருந்தால் அது செயின் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். கிளிப் வகையில், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் எதிலேனும் உரசிக் கழன்றுவிடக்கூடும். கிளிப்பின் விலை அற்பமானது. எனவே அதைக் கழற்றும்தோறும் மாற்றிவிடுகின்றோம்.

மாட்டும் முறையிலும் கவனம் தேவை. முதலில் பேட்டரியை அணைக்க வேண்டும்; இல்லையேல் பெடலை அழுத்தும்போது மோட்டார் இயங்கிவிடக்கூடும். குயிக் லிங்க்கின் இரு பாதிகளையும் சேர்த்து, அந்தப் பகுதியைச் செயினின் மேற்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் லாக் பூட்டிக்கொள்ளும். பின்பு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, அந்த இடம் தடையின்றி வளைகிறதா எனப் பார்க்க வேண்டும். மீண்டும் பயன்படுத்தத்தக்க லாக்காக இருந்தாலும், முன்பைவிட எளிதாகப் பூட்டினாலோ, துளையின் ஓரம் மழுங்கியிருந்தாலோ, தகடு வளைந்திருந்தாலோ, துருவால் குழி விழுந்திருந்தாலோ அதை ஒதுக்கிவிட வேண்டும்.

துரு நம் மண்ணின் தனிக் கவலை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரு பக்கமும் உப்புக் காற்று. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பைச் சோதிக்க நம் மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்திருப்பதும் இதனால்தான். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், திறந்து மூடும் பகுதி அரிக்கப்பட்டதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம். அத்தனை பெரிய எஃகையே அரிக்கும் காற்று, ஒரு நகத்தளவு லாக்கை விட்டுவைக்குமா?

துருவைப் போக்கச் செயினை அமிலத்தில் ஊறவைப்போரும் உண்டு. இது தவறு. செயினின் எஃகு கடினமாக்கப்பட்டது. அமிலம் பட்டால் அதனுள் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே பளபளத்தாலும் உள்ளே நொறுங்கும் தன்மையை உண்டாக்கிவிடும். பயணம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் இட்டு, மிகுதியைத் துடைத்தாலே போதும். இதற்குச் செயினைக் கழற்றவே வேண்டியதில்லை. கழற்றாத லாக் தேய்வதும் குறைவு. சிக்கனத்தின் உண்மையான வழி இதுவே. தேய்ந்த லாக்கைத் திரும்பத் திரும்ப மாட்டுவதில் மிச்சப்படுவது சில பத்து ரூபாயோ சில நூறு ரூபாயோதான்.

மிதிக்கும்போது செயின் அறுந்தால் பெடல் திடீரெனக் கீழிறங்கும்; ஓட்டுபவர் நிலைகுலைவார். 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாம்பன் சாலைப் பாலத்தில், பக்கக் காற்றின் நடுவே, பின்னால் பேருந்து வரும் வேளையில் அது நேர்ந்தால் என்னவாகும்? பின்னிருக்கையில் பிள்ளை அமர்ந்திருந்தால்?

ஆகவே அந்தச் சகோதரருக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான்: பயன் எஞ்சியிருக்கும் பொருளை எறிவதே விரயம். தன் வேலையைச் செய்ய இயலாத பொருளை விலக்குவது விரயமாகாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தத் தக்கது என்று செய்தவரே சொன்ன பின், அது நன்றாக இருக்கிறது என்று நம் கண் சொல்வதை நம்பிப் பிறர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னோம். சைக்கிளை இரவல் கொடுக்கும்போதும், பழைய சைக்கிளை விற்கும்போதும், அதன் லாக் எத்தனை முறை கழற்றப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும்; சந்தேகமிருந்தால் புதியதை மாட்டிக் கொடுக்க வேண்டும். விற்பனையில் குறையை மறைக்கலாகாது என்று பாடத்தில் படிக்கும் சட்டம், கப்பலுக்கும் வீட்டுக்கும் மட்டுமல்ல, இந்தச் சிறு துண்டுக்கும் பொருந்தும். நம்மை நம்பி ஏறி அமர்பவரின் பாதுகாப்பு நம்மிடமுள்ள அமானிதம்.

இந்த வாரம் ஒருமுறை உங்கள் வீட்டுச் சைக்கிளின் லாக்கைப் பாருங்கள். பொருந்தக்கூடிய புதிய லாக் ஒன்றை வாங்கிக் கருவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன்.