கணக்குப் புத்தகமும் கோர்வைத் தறியும்

கணினி அறிவியல் மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தரவுத்தளத் திட்டப்பணி ஒன்றைச் செய்து தரவேண்டும் என்பது நம் துறையின் நடைமுறை. பெரும்பாலோர் நூலகத்தையோ மருத்துவமனையையோ விடுதியையோ எடுத்துக்கொள்வர். அவற்றுக்கு முந்தைய ஆண்டு மாணவரிடம் ஆயத்தமாகப் பிரதி கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது சைக்கிள்கூட ஓரமாகத்தான் போகவேண்டும். வீட்டுக்கு வீடு குழித்தறி. எனவே தறிக் கணக்கையே எடுத்துக்கொண்டேன்.

தறியையும் கணினியையும் சேர்த்துப் பேசினால் உடனே ஜக்கார்டு அட்டையிலிருந்து கணினி பிறந்த கதையைச் சொல்வார்கள். 1804இல் ஜக்கார்டு, 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் செய்த துளை அட்டை என்று அது போகும். நல்ல கதைதான். ஆனால் நான் சொல்ல வந்தது தறியின் தலைமேல் இருக்கும் பெட்டியைப் பற்றியதன்று. தறிக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கும் நீளப் புத்தகத்தைப் பற்றியது.

என் பெரியப்பா ஆறு தறிகளுக்குப் பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக் கடையில் சேர்ப்பவர். அந்த ஆறில் ஒன்று எங்கள் தறி. அவருடைய புத்தகத்தில் ஒரு சேலைக்கு ஒரு வரி. தேதி, நெசவாளர் பெயர், தெரு, உடல் நிறம், கரை, பட்டின் எடை, சரிகை எத்தனை மார்க்கு, கூலி, முன்பணத்தில் பிடித்தது, பாக்கி. இத்தனையும் ஒரே வரியில்.

அமைப்புப் பகுப்பாய்வு என்பது கணினியைத் தொடுவதற்கு முன் செய்யும் வேலை. இன்று வேலை எப்படி நடக்கிறது, யார் யாருக்கு எதைத் தருகிறார்கள், எதை எங்கே எழுதுகிறார்கள் என்று பார்ப்பது. படிவங்களைப் பார், ஆட்களைக் கேள், நேரில் நின்று கவனி என்று மூன்று வழிகளைப் பாடநூல் கூறும். நான் முதலில் படிவத்தைப் பார்த்தேன்.

பாடநூலில் படித்த குறைகள் அத்தனையும் அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருந்தன. பொங்கலுக்குப் பிறகு ஒரு கரைக்குக் கூலி உயர்ந்தது. சில வரிகளில் புதுக் கூலி, சில வரிகளில் பழையது. எது சரி என்று புத்தகம் சொல்லாது, பெரியப்பாதான் சொல்லவேண்டும். இன்னும் எவரும் நெய்யாத புது டிசைனின் கூலியை எழுத வரியே இல்லை. அதை அட்டையின் உட்புறத்தில் எழுதியிருந்தார். ஒருவர் தறியை விட்டுப் போனபின் அவருடைய பழைய புத்தகம் பரணுக்குப் போயிற்று. அவர் மட்டுமே நெய்துவந்த கரையின் கூலியும் அதோடு பரணேறியது. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூவர் இருக்கும் ஊரில் பெயரை வைத்து ஆளைப் பிரிக்கவும் முடியாது. முதன்மைத் திறவுகோல் என்று வகுப்பில் சொல்வது இதற்குத்தான்: இன்னாரை இன்னார் என்று ஐயமின்றிக் காட்டும் ஓர் எண்.

எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1970இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இதற்கு வழி சொன்னார். அக்காலத்துத் தரவுத்தளங்களில் விவரங்கள் மரத்தின் கிளைகளைப் போலக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றைத் தேட வேண்டுமானால் எந்தக் கிளை வழியே இறங்குவது என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா திருப்பதிக்குப் போயிருந்தால் அவர் புத்தகத்தில் ஒரு கணக்கும் எடுக்க முடியாதல்லவா, அதே நிலைதான். காட் சொன்னது: விவரம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை, எல்லாம் எளிய அட்டவணைகளாக இருக்கட்டும், எது வேண்டும் என்று மட்டும் கேட்கட்டும். இதற்காக 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. இடையே ஒன்று. அட்டவணைகளுக்குள் உறவு இருப்பதால் இப்பெயர் வந்தது என்று நம் தேர்வுத் தாள்களில் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. கணிதத்தில் கணங்களுக்கிடையே ‘உறவு’ என்று ஒன்றைப் படிக்கிறோமே, அதிலிருந்து வந்த பெயர் அது. ஒவ்வோர் அட்டவணையும் தானே ஓர் உறவு.

அவர் முறைப்படி புத்தகத்தைப் பிரித்தேன். நெசவாளர் ஓர் அட்டவணை, டிசைன் ஓர் அட்டவணை, பாவு ஒன்று, சேலை ஒன்று. எங்கள் தறியில் ஒரு பாவுக்கு மூன்று சேலை. ஆகவே சேலையின் ஒவ்வொரு வரியிலும் பாவின் எண் வரும், பட்டு நிறம் முதலியவை பாவோடு நின்றுவிடும். கூலி டிசைனுக்கு உரியது. அங்கே ஓரிடத்தில் மட்டும் இருக்கும். கூலி மாறினால் பழைய சேலையின் கணக்கு கெடாதபடி எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்தேன். முன்பணத்துக்குத் தனி அட்டவணை: வாங்கியது ஒரு வரி, பிடித்தது ஒரு வரி. ‘பாக்கி’ என்ற நிரலே கிடையாது. கூட்டிக் கழித்து வரக்கூடியதை எழுதி வைக்கலாகாது என்பது விதி. இதைப் பெரியப்பா எளிதில் ஒப்பவில்லை. பாக்கியை அடித்து அடித்து எழுதிப் பழகியவர் அவர். அப்பாவோ, “எப்ப எவ்ளோ புடிச்சாங்கன்னு ஒவ்வொண்ணா தெரியுமாம்மா?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

நிற்க. பிறகு மூன்று நாள் தறியருகே நோட்டோடு உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார் என்று எழுதினேன். அங்கேதான் படிவம் சொல்வது ஒன்றாகவும் தறி சொல்வது வேறொன்றாகவும் இருந்தன.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை நெய்பவரே பார்த்துக்கொள்வார். மறுபக்கத்து நாடாவுக்கு இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அம்மா எழுந்து போனால் தறி நிற்கும். தார் சுற்றுவதும் அம்மாதான். பள்ளி விடுமுறையில் நானும் சுற்றியிருக்கிறேன். பெரியப்பாவின் புத்தகத்தில் சேலைக்கு ஒரு பெயர்தான். அதை அப்படியே அட்டவணையாக்கினால் எத்தனை இயல்பாக்கம் செய்தாலும் அம்மா எங்கும் வரமாட்டார். இல்லாத நிரையை எந்த வினவலாலும் எடுக்க முடியாது.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். “கூலி ஒரே வூட்டுக்குத்தானேம்மா போவுது? ரெண்டு பேர் எதுக்கு?” என்றார். அவர் கேட்டதிலும் பொருள் இருந்தது. அவர் கணக்கு வீட்டோடு, ஆளோடு அன்று. ஆனால் ஆறு தறிகளில் ஒன்றில் மனைவி இல்லாத ஒருவர் நெய்கிறார். எதிர்வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துத் தம் கூலியிலிருந்து அவருக்குத் தருகிறார். அந்த அக்காவுக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் அவருடைய சேலை பதினைந்து நாள் தாமதமானது; புத்தகத்தில் அவர் தாமதம் என்றுதான் இருக்கிறது. இதைச் சொன்னதும் பெரியப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி, போட்டுக்கோ” என்றார்.

பீட்டர் சென் 1976இல் வகுத்த படமுறையில், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே சாய்சதுரம் வரைவோம். ஒரு சேலைக்குப் பலர், ஒருவருக்குப் பல சேலை என்றால் அந்தச் சாய்சதுரமே தனி அட்டவணையாகும். அதற்கு ‘உழைப்பு’ என்று பெயரிட்டேன். சேலை எண், ஆள் எண், வேலை, பங்கு என நான்கு நிரல்கள். ஒருவரே தாரும் சுற்றிக் கோர்வைக்கும் உட்காரலாம் என்பதால் முதல் மூன்றும் சேர்ந்தே திறவுகோல். ‘நெசவாளர்’ என்ற அட்டவணையின் பெயரையும் ‘ஆள்’ என்று மாற்றினேன். இது என் புதுமையன்று. 2019–20இன் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 35.22 லட்சம் பேரைக் கணக்கிட்டது, நெசவாளர் 26.73 லட்சம், துணைத் தொழில் செய்வோர் 8.48 லட்சம் என்று தனித்தனியே காட்டியது. தில்லியில் இடம் கிடைத்தவர்களுக்கு எங்கள் மாடத்துப் புத்தகத்தில் இடமில்லை.

பங்கு என்ற நிரலில்தான் கடைசிச் சிக்கல். எதிர்வீட்டு அக்காவுக்குத் தொகை உண்டு, எழுதிவிட்டேன். அம்மாவுக்கு என்ன எழுதுவது? சுழியம் எழுதினால் ‘ஒன்றும் இல்லை’ என்று பொருள். தரவுத்தளத்தில் வெற்று என்று ஒன்று உண்டு. ‘தெரியாது’ என்று பொருள். சுழியத்தைக் கூட்டலாம், சராசரி எடுக்கலாம். வெற்றைச் சராசரியில் சேர்ப்பதில்லை. வெற்றும் வெற்றும் சமமா என்று கேட்டால்கூட ஆம் என்ற விடை வராது. சுழியத்தையும் இதையும் குழப்பக்கூடாது என்பதைக் காட் 1985இல் வெளியிட்ட விதிகளில் ஒன்றாகவே வைத்தார்.

அடுப்படியில் இதை அம்மாவிடம் விளக்கினேன். “அப்ப சைபர் போடாத. அத காலியாவே வுடு” என்று சொல்லிவிட்டுத் தார் சுற்றப் போய்விட்டார். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், அந்த நிரலை வெற்றாக விட அனுமதித்தது ஏன் என்று கேட்டார். மேலே எழுதியதையே சொன்னேன். இப்போது ‘உழைப்பு’ அட்டவணையில் 64 நிரைகள் உள்ளன. அவற்றுள் 22 அம்மாவுடையவை. புத்தகமும் மாடத்தில் இருக்கத்தான் செய்கிறது. பெரியப்பா அதில் சேலைக்கு இரண்டு பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறார். இரண்டாவது பெயரைப் பென்சிலால் எழுதுகிறார்.