சொந்த அறையில் விருந்தாளி

நியூயார்க்கில் 2010இல் திறந்த டிரம்ப் சோஹோ, 46 மாடி ஹோட்டல். அறைகளைத் தனித்தனியாக விற்றார்கள். ஆனால் வாங்கியவரே ஆண்டுக்கு 120 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது; எந்த 36 நாளை எடுத்தாலும் 29தான் உச்சவரம்பு! காரணம், அந்த இடம் தொழில்களுக்கு ஒதுக்கிய மண்டலம். ஹோட்டல் கட்டலாம், குடியிருப்பு கூடாது. (2017இல் பெயர் டொமினிக் என்று மாறியது தனிக்கதை.)

சிகாகோவின் டிரம்ப் கோபுரம் வேறு வகை. கீழே ஹோட்டல், மேலே நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடுகள். கையில் காசிருந்தால் அங்கே ஒரு வீட்டைப் பரிசீலிப்பேன். முதலில் பார்ப்பது ஏரிக்காட்சியை அல்ல; மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை. அப்புறம் சமையலறையை. தாளிக்கிற புகை வெளியே போகுமா? லிஃப்டில் தினமும் பெட்டியோடு புதுமுகங்கள் என்றால் எனக்குச் சரிப்படாது. சோஹோ மாதிரி அறைகளை ஊர்சுற்றிகள் வாங்கட்டும்.