தொடர்பு காணும் வினா

ஒவ்வாதன போலத் தோன்றும் பொருள்களிடையே ஒப்புமை காண்பது நம் முன்னோர்க்குப் பெருவிருப்பானதொரு விளையாட்டாகும். தொல்காப்பியர் இதனைப் பிசி எனப் பெயரிட்டு இலக்கணத்துள் அமைத்தார். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவிற் பிணைத்துப் பாடினார்.

இவ்விளையாட்டே இக்காலத்தில் வினாடி வினா அரங்குகளிற் புதுக்கோலம் பூண்டுள்ளது. 1967ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் அவர்கள் நடத்திய பொதுப்போட்டிக்குப் பின்னர் இக்கலை நம் நாட்டிற் பரவலாயிற்று. அதன்கண் தொடர்பு வினா என்பதொரு வகை உண்டு. குறிப்புக்கள் சிலவற்றைத் தந்து, அவை அனைத்தையும் கோக்கும் ஒன்றைக் கூறுமாறு கேட்பர். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தாதாயினும் அவ்விடை செல்லாது.

யான் திருத்தணிகையினன். சென்ற ஆண்டு, இருவர் இருவராகக் கலந்துகொள்ளும் போட்டியொன்றிற்கு, எம்மூரினரும் இல்லத்தில் தெலுங்கு பேசுபவருமாகிய நண்பரைத் துணையாகக் கொண்டேன். தமிழ் வினாக்களுக்கு அவரால் யாது பயன் என்று தோழர் சிலர் அவர் செவிபடவே கூறினர். "நான் விலகிக்கொள்கிறேன், நீர் வேறொருவரைத் தேடிக்கொள்ளும்" என்று அன்றிரவே அவர் என்னிடம் சொன்னார். யான் இசைந்திலேன்.

இறுதிச் சுற்றில் வந்த குறிப்புக்கள் நான்கு: கற்கண்டு, நெல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று, டிசம்பர் 31, ஏப்ரல் 1. நாள்கள் இரண்டும் ஆண்டுக் கணக்கையே நினைப்பூட்டின. கற்கண்டோ அதனுள் அடங்குவதாயில்லை. நண்பரின் தாய்வழியினர் நெல்லூர்ப் பக்கத்தவர். அவர் சற்றே எண்ணி, "சர்வபள்ளி" என்று மெல்லக் கூறினார். அவ்வூர்ப்பெயரைத் தம் பெயர்முன் தாங்கிய இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5இல் பிறந்தது எம்மூரிலன்றோ! உடனே நாள்களும் எனக்கு விளங்கின. டிசம்பர் 31, வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய படித் திருவிழா நாள். அன்று அடியார் படிதோறும் பாடி மலையேறுவர். 1953இல் ஆந்திர மாநிலத்துட் சென்ற திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோரின் எல்லைப் போராட்டத்திற்கும் பட்டாஸ்கர் அவர்களின் தீர்ப்பிற்கும் பின்னர், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எஞ்சிய கற்கண்டையும் நண்பரே விளக்கினார். இம்மலையில் முதியவர் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர் வாயில் கற்கண்டிட, அவர் தம் முதற் கீர்த்தனத்தை வடமொழியிற் பாடினார் என்பது இசை மரபு. முழு மதிப்பெண்ணும் எமக்குக் கிடைத்தது. பயன் யாதென வினவிய தோழருள் ஒருவர் வந்து அவர் கையைப் பற்றினார்.

நாட்டிற்கு எல்லை வேண்டும். அதற்காக உழைத்தோர் நம் வணக்கத்திற்குரியர். ஆயினும் வடமொழிக் கீர்த்தனமும், தெலுங்கு நாட்டு ஊர்ப்பெயரும், தமிழ்த் திருவிழாவும் ஒரு குன்றின்கண் கூடியிருப்பதை எந்த எல்லைக்கல்லும் பிரித்ததில்லை. தமிழ் மட்டும் அறிந்தவர் இருவர் அங்கிருந்திருப்பின் இவ்விடை பாதியில் நின்றிருக்கும்.

ஆதலின், மாணவ நண்பர்காள், இத்தகைய போட்டிக்குத் துணை தேடுங்கால், நீவிர் அறிந்ததையே அறிந்தவரைத் தேடாதீர். நீவிர் அறியாததை அறிந்தவரைத் தேடுமின்.