பம்ப் போகவில்லை, சாமி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஆம்னி வேன் சீசன். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கார் நிறுத்தத் தனி இடம் கிடையாது. வேன் வாசலிலேயே வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ இருப்பார்கள், ஓட்ட ஆளில்லை. ஆனால் ஐப்பசிக் கடைசியில் விஸ்வநாதஸ்வாமி கோயில் தேர் வரும் வீதியில் வண்டி நிற்க முடியாதே. நகர்த்தப் போகும்போதுதான் தெரியும்: செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை.

“பம்ப் போயிடுத்துன்னு ஒருத்தன் சொல்றான். நீ என்ன சொல்றே?” என்று கேட்டபடி மாமாக்கள் வருவார்கள். பழைய வேன்களில் நான் கண்டவரை பம்ப் கடைசிக் குற்றவாளி. ஆனால் கழற்றி மாற்ற எளிது, பில் போட எளிது. அதனால் முதலில் அதன் தலையில் பழி விழுகிறது.

மாருதி இந்த வேனை 1984-ல் கொண்டுவந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின். 2019 வரை விற்றது. பழைய வண்டிகளில் கார்புரேட்டர். பெட்ரோலை இழுப்பது கேம் ஷாஃப்ட் தட்டி ஓடும் டயாஃப்ரம் பம்ப். பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. என்கிற இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எலெக்ட்ரிக் பம்ப், அதுவும் டேங்குக்குள்ளேயே. வண்டி வெளியே ஒன்றுபோல இருந்தாலும் வைத்தியம் வேறு.

கார்புரேட்டர் வண்டி வந்தால் நான் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்ப்பேன். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது பம்ப் போனது நிஜம். பம்போடு ஆயிலையும் மாற்றியாக வேண்டும். வாடை இல்லையென்றால் டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, சின்ன கேன் ஒன்றில் நல்ல பெட்ரோல் வைத்து நேராக பம்புக்குக் கொடுப்பேன். செல்ஃப் அடித்துக் கொஞ்ச நேரத்தில் வண்டி எடுத்து, ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் சளைக்காமல் நின்றால் பம்பும் கார்புரேட்டரும் நிரபராதி. கோளாறு பின்னால், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே.

அந்த நடுவில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஹோஸ் வெடித்திருந்தால் சொட்டும் என்று எதிர்பார்த்துக் கீழே குனிந்து பார்ப்பார்கள், தரை காய்ந்திருக்கும். ஆனால் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள லைனில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி, பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டேங்க் நிறைந்திருக்கும்போது சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் குறைந்த நாளில் போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி வளைவில் ஏறினால் இழுக்காது, ஜெர்க் அடிக்கும். ஒளிபுகும் ஃபில்டர் ஒன்றை லைனில் மாட்டிவிட்டால் குமிழ் குமிழாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிளிப் இருக்கும் இடத்தில் ஹோஸை வளைத்தால் மயிரிழை போல வெடிப்புகள் விரியும்.

டேங்க் மூடியையும் விடக்கூடாது. அதன் காற்றுத் துளை அடைபட்டால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் இழுத்துத் தோற்றுப்போகும். நின்ற வண்டியில் மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போனால், பிறகு வண்டி எடுத்தால், விஷயம் முடிந்தது. செலவு ஒரு மூடி.

சூடு தனி. பாலக்காட்டு வேனலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. முன்பெல்லாம் அந்த நாட்களில் குருவாயூர் போகிற குடும்பங்கள் குதிரான் ஏற்றத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும். இன்ஜின் சூட்டில் லைனிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். டயாஃப்ரம் பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. சீட்டைத் தூக்கி பம்ப்மேல் ஈரத்துணி போட்டு, ஆறும்வரை சாலையோரம் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. 2021 ஜூலையில் குதிரானில் முதல் குகைப்பாதை திறந்த பிறகு அந்தப் பஞ்சாயத்து குறைந்துவிட்டது. வண்டியில் ஒன்றும் மாறவில்லை, சாலைதான் மாறியது. ஆவியை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்கிற வண்டிக்குப் பெரிய எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று புகுந்து வேர்க்கும், தகரம் துருவேறும். எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்குத் துணை. 2022-ல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடும் வண்டியில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் எரிந்து போய்விடும். மாதக்கணக்காக நின்றால் சேர்ந்து, ஒரு கட்டத்தில் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். இழுகுழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். அதனால் நின்ற வண்டி முதல் சொட்டிலேயே தண்ணீரைக் குடிக்கிறது. பழைய துருவையும் எத்தனால் இளக்கிக் கிளப்பிவிடும்; புது ஃபில்டர் போட்ட சில நாளில் செம்மண் நிறமாகிவிடுவது இதனால்தான். அப்போது ஃபில்டர் மேல் ஃபில்டர் மாற்றுவது வீண். டேங்கை இறக்க வேண்டும், சங்கிலித் துண்டு போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும், நன்றாக உலர்த்த வேண்டும். ஓட்டை அடைக்க வெல்டிங் வைக்கலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

எத்தனாலில் லிட்டருக்கான சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு சமாளித்துவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, காற்று கூடிய கலவையில் குளிர்காலையில் விக்கும். ஐடில் நிற்கவில்லை என்றதும் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துகிறவர்கள் உண்டு. பித்தளை மிருது, துளை பெரிதாகிவிடும். அதற்குப் பிறகு மைலேஜ் திரும்பி வராது. க்ளீனர் அடித்துக் காற்றில் ஊதினால் போதும்.

எம்.பி.எஃப்.ஐ.க்காரர்களுக்குச் சொல்வது குறைவு. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து ஓரிரு நொடி ‘ம்ம்’ என்று முனகல் கேட்டால் பம்புக்குக் கரண்ட் போகிறது. கேட்காவிட்டால் பம்பை வாங்குமுன் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். சதா ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். அந்த பம்பைக் குளிரவைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். வெடித்த துண்டை மட்டும் மாற்றிக் கொடுக்க மாட்டேன். ஒரே வயது ரப்பர், அடுத்த துண்டு அடுத்த மாதம் வெடிக்கும். கார்புரேட்டர் பக்கம் வெடித்தால் சொட்டுவது சூடான இன்ஜின்மேல், அதற்குமேல் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடையில் சாதா ஹோஸும் கிடைக்கும், இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான தடித்த ஹோஸும் கிடைக்கும். எத்தனாலைத் தாங்குவது பின்னது, விலை கூடுதல்.

“கார்புரேட்டர் வண்டிக்கு எதுக்குடா அது? ஆத்திலேர்ந்து மலம்புழா போயிட்டு வரதுக்கா?” என்பார் மாமா.

“வாரா வாரம் மலம்புழா போயிட்டு வந்தா பாதி ரிப்பேர் இருக்காது, சாமி. ஹோஸ் மட்டும் இதுதான் போடுவேன்.”

முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எண்ணுவார்.