உள்வாயும் செவ்வாயும்

ஆடி 4

கோமதியம்மனுக்கு ஆடித்தபசுக் கொடியேறியாயிற்று. கூட்டத்தில் போய் வந்த அசதியில் திண்ணையில் சாய்ந்திருந்தேன். அண்ணன் மகள் கைபேசியை நீட்டினாள். "சித்தப்பா, நம்ம குளத்துல தண்ணி கெடக்குல்லா, இங்கன பாருங்க, கறுப்பா!"

செயற்கைக்கோள் படத்தில் கரையை ஒட்டி ஒரு கருந்திட்டு. போன வாரம்தான் அந்த வழியாக வந்தேன். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள் அகச்சிவப்பு ஒளியிலும் படம் எடுக்கும். அந்தப் படத்தைத் திறந்தேன். தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும், கன்னங்கரேலென்று தெரியும். எங்கள் திட்டோ பளீரென்று வெளுத்தது. இலைதான் அப்படி வெளுக்கும். அத்தனையும் சீமைக்கருவேலம். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு கனத்துப்போயிற்று.

சந்திரயான்-1 கதையைச் சொன்னேன். 2009இல் நிலவில் நீரின் சுவடு தெரிந்ததும் கறுப்பைப் பார்த்தல்ல. தரை திருப்பியனுப்பிய வெயிலில் 3 மைக்ரான் பக்கத்தில் ஒளி குறைந்திருந்தது; அதை வைத்துத்தான்.

ஆடி 6

இன்று செவ்வாய்ப் படங்கள். அங்கே சுற்றிவரும் விண்கலம் சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்தும், ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 30 செ.மீ. தரை அடங்குகிறது. செங்குத்தான சரிவுகளில் கருங்கோடுகள். கோடையில் கீழ்நோக்கி நீளும், குளிரில் மங்கும். முதலில் கவனித்தவர் நேபாளத்தில் பிறந்து அரிசோனாவில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த லுஜேந்திர ஓஜா. 2011இல் செய்தி வெளியானது. 2015இல் உப்புத்தண்ணீர் என்றார்கள். உலகமே சந்தோஷப்பட்டது, நானும்தான்.

2017இல் கோடுகள் எங்கே நிற்கின்றன என்று அளந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே 27 டிகிரிக்கு மேற்பட்ட சரிவிலேயே முடிந்துவிடுகின்றன. பக்கத்து வீட்டுக் கட்டுமானத்துக்குக் கொட்டியிருந்த மணற்குவியலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனேன். அடியில் ஒரு கை மணலை அள்ளினாள். மேலிருந்து சரசரவென்று நாக்குப்போல இறங்கி, சரிவு தணிந்த இடத்தில் நின்றது. பிறகு ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொன்னேன். அது பள்ளம் தேடி ஓடியது. "அப்போ அங்க மண்ணுதான் சரியுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். பெரும்பாலும் அப்படித்தான் என்றேன்.

ஆடி 10

விடியற்காலையில் குளத்தின் உள்வாயில் இறங்கினோம். கருவேலம் ஏறாத மடைப்பக்கம் கரம்பை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு பாளம் ஒன்றரைச் சாண். ஓரம் தட்டுப்போல மேலே சுருண்டிருக்கிறது, பெயர்த்தால் அடியில் இன்னும் குளிர்ச்சி.

கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில் இதே வெடிப்பைப் படம்பிடித்திருக்கிறது, 350 கோடி ஆண்டுக்கும் மூத்த சேற்றில். 2023இல் வந்த ஆய்வு வெடிப்புகள் கூடும் முனைகளைப் பார்க்கச் சொல்கிறது. ஒரே தடவை காய்ந்த சேற்றில் ஒரு வெடிப்பு மற்றதை செங்கோணத்தில் முட்டி நிற்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து பழகிய சேற்றில் மூன்று வெடிப்புகள் சமமாகப் பிரிந்து, தேனடை மாதிரி அறுகோணமாகும். செவ்வாயில் கிடைத்தது தேனடை. அங்கே தண்ணீர் வந்திருக்கிறது, போயிருக்கிறது, மறுபடி மறுபடி வந்திருக்கிறது. எந்தக் கருந்திட்டும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

எங்கள் குளத்தில் இரண்டும் கலந்து கிடந்தன. மடையருகே மூன்றாய்ப் பிரிந்த முனைகள். கொஞ்சம் தள்ளி, முட்டி நிற்பவை. பிள்ளை குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஐந்து முனைகளில் வேப்பங்குச்சி ஊன்றினோம். ஐப்பசியில் மழை பெய்து குளம் பெருகினால், அடுத்த ஆடியில் அதே இடத்தில்தான் வெடிக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டுமாம்.