ஏலக்காயின் பச்சையும் ஏழு லட்ச ரூபாய்க் கணினியும்

போடிநாயக்கனூரில் வளர்ந்த எவருக்கும் தரம் பார்த்தல் என்பது தனியாகக் கற்க வேண்டிய வித்தையல்ல. வீட்டுத் திண்ணையிலும் கிட்டங்கியிலும் அதைப் பார்த்தே வளர்கிறோம். ஒரு பிடி ஏலக்காயை உள்ளங்கையில் பரப்பி, நிறம் பார்த்து, ஒன்றைப் பிளந்து விதையின் கருமையையும் பிசுபிசுப்பையும் பார்த்து, வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் விலை பேசுவார்கள். 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு வியாபாரிகள் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விலையேற்றுகிறார்கள். ஆனால் மாதிரிக்காய் இன்னமும் அவர்கள் கைக்கு வரத்தான் செய்கிறது. கையில் உருட்டிப் பார்க்காத காய்க்கு விலை சொல்ல இந்த ஊருக்கு மனம் வராது.

காயின் பருமனையும் பளபளப்பையும் மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக இத்தொழிலில் ‘லிட்டர் எடை’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் காய் நிற்கிறது என்பதே அது. ஆலப்புழைப் பச்சை வகையில் முதல் தரத்திற்கு ஏழு மில்லிமீட்டர் பருமன் இருந்தால் போதாது, லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும் என்கிறது அக்மார்க் விதி. தோல் பெரிதாக இருந்து உள்ளே விதை இல்லாத காய் இந்த அளவையில் பிடிபட்டுவிடும்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், சில மாதங்களுக்கு முன் நான் தரம் பார்க்க நேர்ந்த பொருள் வேறொன்று. அக்கா மகன் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பிழைப்பவன். அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்து இரண்டு வருடமாக ஓர் ஆவணப்படம் எடுத்துவருகிறான். விடியலுக்கு முன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களைப் பற்றிய படம் அது. எடுத்து முடித்த காட்சிகளை அவனுடைய பழைய கணினியால் ஓட்டக்கூட முடியவில்லை. அக்கா தன் பங்குத் தோட்டத்தின் வருமானத்தை அவனிடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். நான் சென்னையில் நெடுங்காலம் புத்தக வடிவமைப்பும் படத்தொகுப்பும் செய்தவன் என்பதால் என்னிடம் வந்தான்.

“மாமா, எதை வாங்கினா இன்னும் பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாமோ, அதைச் சொல்லுங்க” என்றான்.

அப்படி ஒரு கணினி கிடையாது என்பதில்தான் நான் தொடங்க வேண்டியிருந்தது. 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் டைனோசர்களுக்கு உயிர் கொடுத்தவை சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகள். அவை அன்றைக்குக் கலைஞர்களின் கனவு. அந்த நிறுவனம் 2009இல் திவாலானது. ஆப்பிள் 2013இல் கருப்பு உருளை வடிவில் ஒரு மேக் புரோவைக் கொண்டுவந்தது. அழகான பொருள்தான். ஆனால் அதனுள்ளே வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, பின்னால் வந்த சக்திவாய்ந்த வரைகலை அட்டைகளுக்கு இடங்கொடுக்கவில்லை. வெப்பத்தின் விஷயத்தில் ஒரு மூலைக்குள் போய் மாட்டிக்கொண்டோம் என்ற பொருளில் அந்த நிறுவனமே 2017 ஏப்ரலில் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிராயச்சித்தம்போல 2019 டிசம்பரில் வந்தது தேங்காய் துருவி போன்ற முகம் கொண்ட மேக் புரோ: 28 கரு வரை, ஒன்றரை டெராபைட் நினைவகம் வரை, 1400 வாட் மின்வழங்கி, தொடக்க விலை 5,999 டாலர். சக்கரம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 400 டாலர். மூன்றரை ஆண்டுகளில், 2023இல், அதே உருவத்துக்குள் முற்றிலும் வேறான சில்லு வந்து அமர்ந்தது.

மருமகன் கேட்டது அந்த 2023 மேக் புரோவைத்தான். இந்திய விலை ஏழு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். எங்கள் ஊரில் ரூபாயை நேராக நினைப்பதில்லை, காயாக மாற்றித்தான் நினைப்போம். 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலை அழித்ததால் 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போனது. அந்த விலைக்கு இந்தக் கணினி நூற்றைந்து கிலோ காய். 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அந்த விலைக்கு எழுநூற்று முப்பது கிலோவுக்கு மேல். உலர்காய் ஒரு கிலோவுக்குப் பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ வேண்டும். அதாவது மூன்றரை டன்னுக்கும் அதிகமான பச்சைக்காயை, குனிந்த முதுகோடு, செடியின் தூரில் தரையை ஒட்டிப் படரும் சரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுக்க வேண்டும். யார் கிள்ளுகிறார்கள் என்பதுதான் அவனுடைய படமே.

விலை அதிகம் என்பதால் மட்டும் ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. தோலுக்குள் விதை எவ்வளவு என்று பார்த்தேன். 2023 மேக் புரோவின் எம்2 அல்ட்ரா சில்லு அதே ஆண்டு மேக் ஸ்டுடியோவிலும் கிடைத்தது. ஒன்று 6,999 டாலர், மற்றது 3,999 டாலர். மூவாயிரம் டாலர் வித்தியாசத்துக்குக் கிடைப்பது முக்கியமாக விரிவாக்க அட்டைகளுக்கான இடங்கள். அந்த இடங்களில் வரைகலை அட்டை செருக முடியாது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் பெரிய ஒளிபரப்பு நிலையங்களுக்கும் அவை தேவைப்படலாம். தனியாளாக அறைக்குள் உட்கார்ந்து படம் தொகுப்பவனுக்கு அந்த இடங்கள் காலியாகவே கிடக்கும். நினைவகத்தின் உச்ச வரம்பும் ஒன்றரை டெராபைட்டிலிருந்து 192 ஜிகாபைட்டாகக் குறைந்திருந்தது. லிட்டர் எடையில் இந்தக் காய் தேறவில்லை என்று சொன்னேன். அவன் முகம் வாடியது.

அடுத்ததாக மதுரையில் நண்பர் ஒருவரின் தொகுப்புக் கூடத்தில் இரண்டு நாள் இடம் கேட்டு வாங்கினோம். அங்கே 2025இல் வந்த எம்4 மேக்ஸ் மேக் ஸ்டுடியோ ஒன்றும், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை பொருத்தி உள்ளூரில் கோத்த கணினி ஒன்றும் இருந்தன. நிறுவனங்கள் தரும் வேகப் பட்டியல்களை நான் பார்க்கவில்லை. அவனுடைய காட்சிகளையே, அதுவும் மிக மோசமான பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டோம்: விடியலுக்கு முன் ஜீப்புக்குள் எடுத்தது, இருட்டு, புள்ளி புள்ளியாக இரைச்சல், குலுக்கல். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் இரண்டு கணினிகளுக்கும் அதே வேலையைக் கொடுத்தோம்.

இரைச்சல் நீக்கத்தில் 4090 அட்டை முந்தியது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அட்டை மட்டுமே 450 வாட் வரை இழுக்கக்கூடியது. அறை சூடானது, விசிறியின் ஓசை ஒலியைத் தொகுக்கும்போது இடைஞ்சலாக இருந்தது. அவனுடைய கேமரா பதிவுசெய்யும் 4:2:2 பத்து பிட் எச்.265 கோப்புகளை நேரடியாக விரித்துக் காட்டும் வசதி அந்தத் தலைமுறை என்விடியா அட்டைகளில் இல்லை, 2025இன் 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே காட்சிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதில் மேக் தயங்கவில்லை, மற்றது தயங்கியது. தொகுப்பாளனின் நாளில் பெரும்பகுதி அப்படி நகர்த்திப் பார்ப்பதில்தான் கழிகிறது. கடைசியில் படத்தை வெளியே எடுப்பது ஓர் இரவு வேலை, அது பத்து நிமிடம் கூடக் குறைய ஆனால் ஒன்றுமில்லை.

கோத்த கணினிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எந்த உறுப்பு போனாலும் அதை மட்டும் ரிச்சி தெருவில் வாங்கி மாற்றலாம். மேக் ஸ்டுடியோவில் வாங்கும்போது எவ்வளவு நினைவகமோ சாகும்வரை அவ்வளவுதான். இதை அவனிடம் மறைக்கவில்லை. ஐப்பசி மாதத்து இடியையும் தாழ்ந்து உயரும் மின்னழுத்தத்தையும் கணக்கில் கொண்டால், பழுது பார்ப்பது என்பது எங்கள் ஊரில் பக்கத்தில் ஒதுக்கி வைக்கக்கூடிய கேள்வியல்ல.

முடிவைத் தீர்மானித்தது நிறம். இரண்டாம் நாள் அக்காவும் கூட வந்திருந்தாள். அவள் வாழ்நாளில் பாதியைக் கிட்டங்கியில் காய் பிரித்துக் கழித்தவள். கணினியைப் பற்றிய எங்கள் பேச்சைச் சற்றும் பொருட்படுத்தாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மருமகன் தோட்டத்துக் காட்சி ஒன்றுக்கு நிறம் சரிசெய்து, ஈரப்பச்சையை மெருகேற்றி, எங்களைப் பார்க்கச் சொன்னான். கண்ணுக்குக் குளுமையாக இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இம்புட்டுப் பச்சையா எந்தக் காய்டா இருக்கு? சாயம் போட்ட காயின்னுல்ல நெனப்பாக.”

தன் வீட்டு மலிவுத் திரையில் பச்சை வெளிறித் தெரிந்ததால் அவன் கூட்டிக்கூட்டி வைத்துப் பழகியிருந்தான். கருவி கொண்டு அளந்து சரிசெய்த திரையில் அதே காட்சி பொய்யாகத் தெரிந்தது. அக்கா சொல்லச் சொல்ல அவன் குறைத்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில், “இப்ப சரி. இது ரெண்டாம் எடுப்புக் காய், மழைக்குப் பெறகு எடுத்தது” என்றாள். காட்சி எடுத்த தேதியைப் பார்த்தோம். அவள் சொன்னது சரியாக இருந்தது. ஏழு லட்ச ரூபாய்க் கணினி எதுவும் அந்தத் திருத்தத்தைச் செய்திருக்காது.

இயந்திரம் முக்கியமில்லை, கலைஞன்தான் முக்கியம் என்ற வழக்கமான வசனத்தைச் சொல்ல நான் வரவில்லை. அது வசதியுள்ளவர்கள் வசதியற்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதல். பழைய கணினியோடு அந்தப் படம் முடிந்திருக்காது. 2018இல் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தபோது, இம்மலைச் சரிவின் கூலிக்காரர்களின் முகங்களும் மூடுபனியும் தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் எப்படித் திரையில் நின்றன என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அதற்குக் கருவி வேண்டும், கருவியை அறிந்தவர்கள் வேண்டும். கேள்வி எவ்வளவு கருவி என்பதுதான். தேவைக்கு மேலான ஒவ்வொரு லட்சமும் இன்னொரு கல்யாண வீட்டு வேலையாக மாறி, படத்துக்கான நாட்களைத் தின்றுவிடும்.

கடைசியில் 64 ஜிகாபைட் நினைவகத்தோடு எம்4 மேக்ஸ் மேக் ஸ்டுடியோ, நிறம் அளந்த நல்ல திரை ஒன்று, தரமான மின்காப்புக் கருவி, இரண்டு பெரிய வன்தட்டுகள் என்று முடிவானது. எல்லாம் சேர்ந்தும் அவன் முதலில் கேட்டதைவிடக் கணிசமாகக் குறைவு. மீதிப் பணம் தோட்டத்துக்குத் திரும்பிப் போனது, உரத்துக்கும் கவாத்துக்கும். வன்தட்டுகளில் ஒன்று அவன் வீட்டில் இருக்கிறது. மற்றொன்றை என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு அவன் வந்து புதிய காட்சிகளை அதில் ஏற்றிவிட்டுப் போகிறான். சென்ற முறை வந்தபோது முதல் நாற்பது நிமிடத்தின் கோர்வை தயார் என்றான். நிறம் மட்டும் பாக்கி, அம்மாவுக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்றான்.