கொடுத்தது நின்றது, வைத்துக்கொண்டது போனது

ஜெர்மனியின் பவேரியாவை 1180 முதல் 1918 வரை ஒரே குடும்பம் ஆண்டது. விட்டெல்ஸ்பாக் வம்சம். 738 வருஷம்! ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்த விட்டெல்ஸ்பாக் கோட்டையைத் தேடிப் போனால் கோட்டையே இருக்காது. ஒரு தேவாலயமும் 19ஆம் நூற்றாண்டு நினைவுச்சின்னமும்தான் மிச்சம். அதற்கு முன் அவர்கள் குடியிருந்த ஷையர்ன் குன்றில் மட்டும் இன்றும் பெனடிக்டின் துறவிகள் இருக்கிறார்கள்.

ஷையர்ன் பிரபு ஓட்டோவின் மனைவி ஹாசிகா, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பாயரிஷ்செல்லில் ஒரு மடத்தைத் தொடங்கினார். அங்கே நிலைக்கவில்லை. ஃபிஷ்பாகவ் போனார்கள், பிறகு பீட்டர்ஸ்பெர்க். மூட்டை கட்டியே ஒரு தலைமுறை ஓடிவிட்டது. கடைசியில் 1119ல் குடும்பம் தன் பூர்வீகக் கோட்டையையே துறவிகளுக்குக் கொடுத்தது.

முழுக்க தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டை அதற்குள் பல கிளைகளின் பங்காளிச் சொத்து. ஒரு கிளை ஏற்கெனவே விட்டெல்ஸ்பாக்கில் குடியேறியிருந்தது. கொடுத்த பிறகும் மடத்தின் 'காவலர்' என்ற பதவியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். துறவிகள் ரத்தம் சிந்தும் தண்டனை கொடுக்கக் கூடாது என்பதால், மடத்து நிலங்களில் பெரிய குற்றங்களை விசாரிப்பது காவலர்தான். அதில் வருமானமும் உண்டு. போதாததற்குக் குடும்பக் கல்லறையும் அங்கேயே, தினசரிப் பிரார்த்தனையோடு. நல்ல வியாபாரம்!

1208 ஜூன் 21. பாம்பெர்க் நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அரசர் ஃபிலிப்பை எட்டாம் ஓட்டோ என்ற விட்டெல்ஸ்பாக்காரர் வெட்டிக் கொன்றார். மகளைக் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு ஃபிலிப் பின்வாங்கியதுதான் காரணம் என்பது பழைய கதை. பெரிய சதி என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அடுத்த வருஷமே ஓட்டோவைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். விட்டெல்ஸ்பாக் கோட்டையும் தரைமட்டமானது. பவேரியாவின் பிரபுவாக இருந்த உறவினர் லுட்விக்கின் பதவிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. 1231ல் கேல்ஹைமில் அவரையும் யாரோ குத்திக் கொன்றார்கள், புதைத்தது ஷையர்னில்.

1253க்குப் பிறகு ஆண்ட பிரபுக்கள் அங்கே வரவில்லை. அடுத்து வந்த இரண்டாம் லுட்விக், சந்தேகப்பட்டு மனைவியின் தலையை வெட்டச் செய்தவர். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக ஃபியூர்ஸ்டன்ஃபெல்டில் தனி மடம் கட்டி அங்கேயே அடக்கமானார். 1803ல் அரசாங்கம் ஷையர்னை மூடியது. அப்போதும் ஆட்சி விட்டெல்ஸ்பாக்குகளுடையதுதான்! 1838ல் அதே குடும்பத்து மன்னர் முதலாம் லுட்விக் துறவிகளைத் திரும்ப அழைத்துவந்தார்.